மூன்று எழுத்து ஏணி

அந்த மூன்று எழுத்தையும் அடித்தது நான்தான். என் தங்கை சரசு அந்தக் கணினியைத் தொடவே இல்லை.

சொல்லிவிட்டேன். இனி இந்தக் கிழவிக்குப் பாரம் குறைந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை... உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் யாரோ! நாளைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கப் போகிறவரா நீங்கள்?

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் பேத்தியின் கணினிக்குள் புகுந்து வேலை பார்த்தாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் வீடு மலேசியாவில், சிகாமட்டில், ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடு. மகன் லோரி ஓட்டுகிறான். மருமகள் தொழிற்சாலைக்குப் போகிறாள். அவர்கள் கிளம்பிப் போய்விட்டால் பகல் முழுக்க மூன்று பேர்தான்: நான், சரசு, பேத்தி தர்ஷினி. சரசு புருஷனை இழந்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். நான்தான் கூப்பிட்டேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்... வா என்று கூப்பிட்டதும் நான்தான்.

சரசு ஐந்தாம் படிவம் வரை, பள்ளிக்கூடத்தை முழுசாகவே, படித்து முடித்தவள். ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்தவள். என்னை யாரும் படிக்க விடாமல் தடுத்தார்கள் என்று கதை கட்டமாட்டேன். அப்பா இரண்டு பேரையும்தான் அனுப்பினார். நான் வாத்தியார் மாதிரி நடந்து காட்டி வகுப்பைச் சிரிக்க வைத்தேன். அவர் வெளியே போ என்றார். நான் போனவள் போனவள்தான். அதற்காக அன்றைக்கு நான் அழவில்லை. இத்தனை வருடம் கழித்து, பேரப்பிள்ளை எடுத்த பிறகு, அதற்காகப் பொறாமைப்படுவேன் என்று எனக்கு என்ன தெரியும்!

தர்ஷினிக்குச் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே செய்வாள். புது வேலை, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்த வேலையை முடித்துக் காட்டினால் நிரந்தரம், இல்லையென்றால் நன்றி வணக்கம்! அதனால் பிள்ளை சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்தால் தட்டு வைக்கக்கூட இடம் கொடுக்கமாட்டாள்.

ஆரம்பத்தில் அவள் என்னோடுதான் பேசினாள். ஒரு நாள் காலையிலிருந்து என்னம்மா செய்கிறாய் என்று கேட்டேன்.

"ஸ்டேட் மேனேஜ்மென்ட் பாட்டி."

"எஸ்டேட் மேனேஜ்மென்டா? அப்ப நீதான் தொரையா? ஒன் தாத்தா காலமெல்லாம் தொரையக் கண்டா தொப்பியக் கழட்டுனாரு. இங்க என்னடான்னா தொரை அரைக்கால் சட்டையோட ஒக்காந்து மைலோ குடிக்குது."

அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், எல்லாம் பழைய கிளாஸில் எழுதியது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாள். நானும் பழைய கிளாஸ்தான், மூணாம் கிளாஸ் என்றேன். அதற்கும் சிரித்தாள்.

எனக்கு அது போதும். இந்த வீட்டில் நான் சம்பாதித்துப் போடுகிறவள் இல்லை; முழங்கால் வலியோடு பெரிய வேலை செய்கிறவளும் இல்லை. அந்தப் பிள்ளையைச் சிரிக்க வைக்கிறவள். அதுதான் என் உத்தியோகம்!

அந்த உத்தியோகத்தில்தான் சரசு கை வைத்தாள்.

தர்ஷினிக்கு ஒரு பழக்கம். வேலை எங்காவது முட்டிக்கொண்டால், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே அவளுக்கு வழி புரிந்துவிடுமாம். ஒரு நாள் 'டைப் செக்கிங்' சரியாக வரவில்லை என்று முனகினாள். சரசு, டைப்பிங்தானே, நான் ஆபீசில் அடித்திருக்கிறேனே, கொண்டா பார்க்கலாம் என்றாள். பார்த்தீர்களா, படித்தவளும் தப்பாகத்தான் புரிந்துகொண்டாள்! நான் உள்ளுக்குள் குதித்தேன். ஆனால் பிள்ளை என்ன செய்தது? சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க சின்னப் பாட்டி, சொல்றேன்" என்றது.

என்னை உட்காரச் சொல்லவில்லை. என் ஜோக்குக்குச் சிரித்தாள். அவள் ஜோக்குக்கு நாற்காலி போட்டாள்.

இது ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். கேளுங்கள்... உங்களுக்கு யாரும் நாற்காலி போடாமல் விட்டதில்லை போலிருக்கிறது.

அதன் பிறகு தினமும் இதுதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு தலையும் திரைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். சரசு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கேள்வி கேட்பாள். நல்ல கேள்வி என்பாள் பிள்ளை. நான் வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே உரிப்பேன். அடுப்படியில் இடம் இல்லையா? இருந்தது. ஆனால் அடுப்படியில் காது கேட்காதே!

அப்படிக் கேட்டதை உங்களுக்குச் சொல்கிறேன். ரொட்டிக்கடைக்கு ஆர்டர் கொடுக்கிற பக்கம் ஒன்று. ஆள் பெயர் என்ன, எத்தனை ரொட்டி வேண்டும் என்பதை அந்தப் பக்கம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அப்படி அது இப்போதைக்கு நினைவில் வைத்திருப்பதற்குப் பெயர்தான் ஸ்டேட். ஒவ்வொன்றும் ஒரு பெட்டி மாதிரி. இந்தப் பெட்டியில் எண் மட்டும், அந்தப் பெட்டியில் எழுத்து மட்டும் என்று மேலே எழுதி வைத்துவிட்டால், மாற்றிப் போடும்போது அடியில் சிவப்புக் கோடு விழும். அந்தக் காவல்தான் டைப் செக்கிங். கம்பெனிக்காரர்கள் 'கிளாஸ்' என்ற பழைய முறையில் எழுதி வைத்த பக்கங்களுக்குக் காவல் இல்லை. அதைப் போட்டு, ஒரு சிவப்பும் இல்லாமல் கொடுப்பதுதான் தர்ஷினியின் வேலை.

ரப்பர் தோட்டத்தில் பால் வாளியில் உறைந்த கட்டிப்பாலைப் போட்டால் ஸ்டோரில் கங்காணி கத்துவாரே, அதுதானே இது! எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? வெங்காயத் தோலை ஊதி சரசு மேல் விட்டேன்.

இப்போது அந்த மூன்று எழுத்துச் சொல்லுக்கு வருகிறேன்.

பெரும்பாலான சிவப்பெல்லாம் போய்விட்டது. ஒன்றே ஒன்று மட்டும் போகமாட்டேன் என்றது. எத்தனை ரொட்டி என்று ஆள் எழுதுகிற இடம். அவர் இரண்டு என்று எழுதினாலும் அது எழுத்தாகத்தான் உள்ளே வருமாம். பெட்டியோ எண்ணுக்கு உள்ள பெட்டி. அதை எண்ணாக மாற்றித்தான் போட வேண்டும். ஆனால் பழைய கிளாஸில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே வரிதான் வேலை செய்கிறது, பெயருக்கும் அதே வரி, ரொட்டிக்கும் அதே வரி, எங்கே மாற்றுவது என்று பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க எனி போட்டா செவப்பு ஒடனே போயிரும் சின்னப் பாட்டி. ஆனா போடக் கூடாது."

நான் விடுவேனா? "ஏணி போட்டு எங்கடி ஏறப் போற? கூரையிலயா ஒளிஞ்சிருக்கு அந்தச் செவப்பு?"

பிள்ளை சிரித்தாள். ஆனால் சரசு அவள் தோளைத் தொட்டு, "அது ஏணி இல்லக்கா, எனி. எதுனாலும்னு அர்த்தம்" என்றாள். எனக்குப் பாடம் நடத்தினாள்! நான் வேண்டுமென்றே சொன்ன ஜோக்குக்கு அர்த்தம் சொன்னாள்! பிள்ளையும் உடனே அவள் பக்கம் திரும்பிவிட்டாள். ஆமாம் சின்னப் பாட்டி, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று பெட்டிக்கு மேல் எழுதுவது மாதிரி, அப்புறம் காவல்காரன் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டான் என்றாள். பாருங்கள் என்று, எண் மட்டும் என்று பெட்டிக்கு மேல் எழுதியிருந்த நீளமான ஆங்கிலச் சொல்லை அழித்தாள். எனி என்று மூன்று ஆங்கில எழுத்து அடித்தாள். சிவப்பு போய்விட்டது. திரும்பவும் பழையபடி மாற்றினாள். சிவப்பு வந்துவிட்டது.

மந்திரம் மாதிரி இருந்தது. நான் கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மூன்று எழுத்து இருக்கிற இடமும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கில எழுத்து எனக்குத் தெரியும். கூட்டி வாசிக்கத்தான் வராது.

மறுநாள் மதியம் பிள்ளை இன்னும் அந்த ஒரு சிவப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். ஏதோ மாற்றிப் பார்த்தாள். தலை காய்கிறது, குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்று எழுந்து போனாள். சரசு வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

திரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சொல் அதே இடத்தில் இருந்தது.

ஏன் செய்தேன்? இதைத்தானே கேட்கிறீர்கள்... நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். பிள்ளைக்கு உதவி செய்ய என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் அவள் போடக் கூடாது என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேனே! சிவப்பு போய்விட்டால் வேலை முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அந்த இரண்டாவது நாற்காலியை எடுத்து அதன் இடத்தில் போட்டுவிடலாம். அவ்வளவுதான் என் மனசில் ஓடியது. நாற்காலி!

அழித்தேன். அடித்தேன். சிவப்பு போனது. என் கையில் வெங்காய வாசம். முந்தானையால் பொத்தான்களைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஐம்பது வருடம் கழித்து வாத்தியார் முதுகுக்குப் பின்னால் நாக்கை நீட்டிய மாதிரி ஒரு சந்தோஷம்...

தர்ஷினி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். பார்த்தாள். குளிப்பதற்கு முன்னால் தான் செய்த மாற்றம்தான் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். மெனக்கெட்டு ஒவ்வொரு வரியாகத் திரும்பப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. துணிக் கூடையோடு உள்ளே வந்த சரசுவைக் கூடையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள்.

"போயிருச்சு சின்னப் பாட்டி. எல்லாம் ஒங்களாலதான்."

கேட்டீர்களா? எல்லாம் ஒங்களாலதான்! வேலை செய்தவள் அடுப்படியில். கட்டிப்பிடித்தது கூடைக்காரியை. எனக்கு அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட்டேனா என்றுகூடத் தெரியவில்லை.

காட்டுகிற நாள் வந்தது. கம்பெனிக்காரர்கள் கணினியிலேயே கூடினார்கள். நானும் சரசுவும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். சரசு திருநீறு பூசிவிட்டிருந்தாள் பிள்ளைக்கு. நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைத்தான் முன்னாலேயே செய்துவிட்டேனே!

பிள்ளை அறைக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் அழகாகப் பேசிக்கொண்டே வந்தாள். பிறகு அவளுடைய தலைவர் தானே ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்கிறேன் என்றார் போலிருக்கிறது. அப்புறம் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்து, பிறகு பல பேர்.

நடந்தது என்னவென்று பிறகுதான் சொன்னாள். அவர் இரண்டு ரொட்டி என்று எழுதினார். இன்னும் ஒன்று சேர்ப்பதற்கான பொத்தானை அமுக்கினார். மூன்று ஆக வேண்டும். ஆனது இருபத்தொன்று! எழுத்தாக உள்ளே போன இரண்டுக்குப் பக்கத்தில் ஒன்று போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி அமுக்கினார், இருநூற்றுப் பதினொன்று. காவல்காரன் இருந்திருந்தால் முன்னாலேயே கத்தியிருப்பான். காவல்காரனைத்தான் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டேனே...

டைப் செக்கிங் போட்டுவிட்டேன் என்றவள் எனி போட்டு ஏமாற்றியிருக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். நேர்மையாகச் சொல்லியிருக்கலாமே என்று தலைவர் கேட்டாராம். அதுதான் பிள்ளையைக் கொன்றது. நிரந்தரமாக்குவதைத் தள்ளிப்போட்டார்கள்.

அவள் அறையிலிருந்து வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. நேராக சரசுவிடம் போனாள்.

"சின்னப் பாட்டி, அன்னிக்கு நான் குளிக்கப் போனப்ப லேப்டாப்ப தொட்டீங்களா? கோவம் இல்ல. சும்மா கேக்குறேன்."

"நான் எதுக்கும்மா தொடறேன்?"

"நான் காட்டுன மாதிரி போட்டுப் பாத்தீங்களோன்னு."

சரசு யோசித்தாள். அவள் சுபாவம் அப்படி. எதையும் யோசித்துத்தான் சொல்வாள். "அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா..." என்றாள்.

நான் அங்கேயேதான் இருந்தேன். இரண்டு அடி தள்ளி. பிள்ளையின் கண் என் பக்கம் வரவே இல்லை. ஒரு தடவைகூட வரவில்லை! இந்த வீட்டில் மூன்று பேர், ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தாள், மிச்சம் இரண்டு பேர். கணக்குப் போட மூன்றாம் வகுப்புப் போதும். ஆனால் சந்தேகப்படுவதற்குக்கூட நான் லாயக்கில்லை. பாட்டிக்கு என்ன தெரியும்!

உங்களுக்கு இது புரிகிறதா? உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். என் நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது... செய்யாத குற்றத்தைக்கூட அவளுக்குத்தான் கொடுக்கிறார்களே என்று.

அப்போது நான் ஒரு ஜோக் அடித்தேன்.

"அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கும்? போன வாரம் அடுப்புல தண்ணிய வெச்சிட்டு கெண்டி கருகுற வரைக்கும் சாமி கும்பிட்டவதானே. எனியப் போட்டுட்டு ஏணிய எங்க வெச்சோம்னு தேடியிருப்பா."

கெண்டி கருகியது உண்மை. அதனால்தான் ஜோக் நன்றாக ஒட்டிக்கொண்டது. பிள்ளை சிரித்துவிட்டாள், அழுத முகத்தோடு. எத்தனை நாளைக்குப் பிறகு என் பேச்சுக்குச் சிரித்தாள்! சரசுவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மூன்று எழுத்தை விடுங்கள். அதைக்கூட விளையாட்டு என்று மன்னிக்கலாம். இந்த ஜோக்கைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஏனென்றால் அதன் பிறகு சரசு நம்பிவிட்டாள். தான் தொட்டதாக, தொட்டு மறந்துவிட்டதாக. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து பார்ப்பாள். மறுபடியும் வந்து பார்ப்பாள். மாத்திரை போட்டேனா அக்கா என்று என்னிடம் கேட்பாள். சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போகும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவாள், கண்ணாடிக் கடைக்குள் வந்த பிள்ளை மாதிரி. தர்ஷினி கூப்பிட்டால்கூட உட்காரமாட்டாள். வேணாம்மா, எதையாச்சும் தட்டி விட்டுருவேன் என்பாள்.

நாற்காலி அதன் இடத்துக்குப் போய்விட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது!

பாலோ என்ற ஊரில் இருக்கிற சரசுவின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மா போனில் சரியாகவே பேசுவதில்லை பெரியம்மா என்றான். இனி தன்னோடு வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னான். அவள் துணிகளை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன். காரில் ஏறும்போது என் கையைப் பிடித்து, பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்றாள். சொல்கிறேன் என்றேன். அதையும் சொல்லவில்லை.

தர்ஷினியைப் பிறகு நிரந்தரமாக்கிவிட்டார்கள். பிள்ளை கெட்டிக்காரி, அந்த வரியை உடைத்து, பெயருக்கு ஒன்று ரொட்டிக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி, எண்ணை எண்ணாகவே பெட்டிக்குள் போட வைத்துவிட்டாள். அவளுக்குச் சரியாகிவிட்டது. அதைச் சொல்லித்தான் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்கிறேன்.

இப்போது வேலை முட்டிக்கொண்டால் அவள் என்னிடம்தான் சொல்கிறாள். ஆமாம், எனக்கும் நாற்காலி போட்டுவிட்டாள்! போன மாதம் ஒரு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே, "இனிமே யாரும் எனி போட முடியாது பாட்டி. போட்டா அந்த எனிக்கு அடியிலயே செவப்பு விழும்" என்றாள். அப்படி ஒரு வசதி முதலிலிருந்தே இருந்ததாம். இவள்தான் போட மறந்துவிட்டாளாம்.

நான் தலையை ஆட்டினேன். என் முகத்துக்கு அடியில் ஏதாவது விழுந்ததா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. நல்ல கேள்விகூடக் கேட்க வருகிறது. ஆனால் கேட்பதில்லை. ஏணி, எஸ்டேட் என்று ஏதாவது உளறி வைக்கிறேன். எனக்குப் புரிகிறது என்று தெரிந்துவிட்டால் அவள் கண் ஒரு நாள் என் பக்கம் வந்துவிடுமே... அதனால் ஒன்றும் தெரியாத பாட்டியாகவே உட்கார்ந்திருக்கிறேன். சரசுவின் நாற்காலியில்.

வெள்ளிக்கிழமைதோறும் சரசு போன் செய்வாள். டாக்டர் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னாராம். ஆனால் மகன் அவளை அடுப்புப் பக்கம் விடுவதில்லையாம். பேசி முடிக்கிற நேரத்தில் எப்போதும் குரலைத் தாழ்த்துவாள். நேற்றும் தாழ்த்தினாள்.

"அக்கா, நீ அங்கதானே இருந்த. நான் அந்த மேசைகிட்ட போனேனா?"

ஒரு வார்த்தை போதும். இல்லை என்ற ஒரு வார்த்தை. அவள் அடுப்பு அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

"போயிருப்ப சரசு" என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்பாள். கேட்டதை மறந்துவிட்டுத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று அவள் மகன் நினைக்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், சொல்லிவிடு என்று, அவள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். நான்தான் உட்காரமாட்டேன் என்கிறேன்...